தலைவர் தூய்மை செய்த கார்டு

பழைய கிராபிக்ஸ் கார்டுகளைத் தேடிச் சேர்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வாருங்கள். இதை வேலை என்று நான் சொல்வது உங்கள் வீட்டார் காதில் விழட்டும் என்பதற்காகத்தான். நமக்குள் பேசும்போது அந்தச் சொல் வேண்டாம்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனராகப் போனேன். ஓர் ஊரில் வெங்காய மூட்டை தூக்கினேன், இன்னோர் ஊரில் ஹோட்டலில் மாவாட்டினேன். வடக்கே கம்ப்யூட்டர் உடைக்கும் கிடங்கு ஒன்றில் கார்டுகளை அமிலத்தில் போட்டுச் செம்பு எடுக்கும் வேலை கிடைத்தது. கைத்தோல் உரிந்தது, பிறகு வேறு தோல் வந்தது. அங்கேதான் ஒரு கார்டை மட்டும் உடைக்காமல் எடுத்து வைத்தேன். அதன் விசிறிமேல் ஒட்டியிருந்த படத்தில் வாளோடு ஒரு பெண் நின்றாள். பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். கணினி வரலாறு, மரபு, வருங்காலத் தலைமுறை என்றெல்லாம் காரணம் சொல்லப் பழகியது கார்டு சேர்ப்பவர்களின் சங்கத்தில் சேர்ந்த பிறகு.

இப்போது முழங்கால் சந்தைக்குச் சந்தை அலைய விடுவதில்லை. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அதில் குண்டூர் நாட்டில், பொன்னன் என்பவரின் வீட்டில் குடியிருக்கிறேன். அவர் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டுப் போகும் ஊர். மின்சாதனம் சேர்ப்பவன் வாழத் தகுந்த இடமல்ல என்று சங்கம் எனக்கு எழுத்து மூலம் தெரிவித்தது. ஆனால் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை என் வீட்டில்தான் வைக்கிறார்கள். காற்று நன்றாக இருக்கிறதாம்.

சங்கம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பதவிகள். பதவி இல்லாத உறுப்பினர்கள் அனைவரும் நான்.

நாம் செய்வது என்ன என்று தெரியாமல் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காக இரண்டு வரி. ஒவ்வொரு கார்டிலும் விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிப்பு இருக்கும். தான் யார், திரைக்கு எப்படிப் படம் அனுப்ப வேண்டும் என்பதைக் கார்டு அதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. அதில் எழுதியிருப்பதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். சிப்பு செத்தால் எழுதியதும் சாகும். ஆகவே லேப்டாப்பிலிருந்து வரும் ஒரு கிளிப்பை மாட்டி அதைப் படித்து, காப்பி எடுத்து வைக்கிறோம். எப்படி எடுப்பது என்பதை வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். எடுத்த பிறகு புத்தி எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

எங்கள் தலைவர் பெரிய அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் அல்ல. நான் காய்ச்சலில் கிடந்தபோது கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஆனால் ஃபர்ம்வேர் விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. கம்பெனியிலிருந்து வெளிவந்தபோது சிப்பில் என்ன இருந்ததோ அதுவே மூலம். பிற்பாடு யாராவது ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் அது கலப்படம். கலப்படத்துக்குச் சங்கக் காப்பகத்தில் இடமில்லை. ஒரு கார்டு கைக்கு வந்தால் முதலில் படிப்பார், பிறகு காப்பகத்தில் உள்ள மூலத்தோடு ஒப்பிடுவார். பொருந்தினால் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பொருந்தாவிட்டால் அதன் அப்பன் பாட்டன் யார், எந்தத் தெருவில் வளர்ந்தது, யார் கை பட்டது என்று விசாரணை தொடங்கும். மனிதர்களிடம் இதையெல்லாம் கேட்பது தவறு என்று மேடையில் பேசுகிறவர்தான் அவர். கார்டிடம் கேட்கலாம் என்று வைத்திருந்தார்.

பொன்னன் ஒருமுறை அவரிடம், இதையெல்லாம் சேர்த்து வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அழிந்துவிடாமல் பாதுகாக்கிறோம் என்றார் தலைவர். அழிந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று பொன்னன் கேட்டார். தலைவர் நெடுநேரம் விளக்கினார். கடைசியில் பொன்னன், “செரிங்க சாமி, நல்லாருங்க” என்று சொல்லிவிட்டு மிளகைக் கிளறிவிடப் போனார்.

அந்த ஆண்டு கூட்டம் ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் அமைந்தது. செயலாளருக்கு மகள் வளைகாப்பு. பொருளாளருக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். தலைவரும் உறுப்பினர்கள் அனைவரும், அதாவது நானும், கூடி எல்லாத் தீர்மானங்களையும் நிறைவேற்றிவிட்டோம். மத்தியானமே வேலை முடிந்தது. நோம்பி என்று இங்கே சொல்லும் திருவிழாவின் திடலைப் பார்க்கப் போகலாம் என்றேன். அன்று தலைவரை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போயிருந்தால் ஜமீலாவுக்கு அந்தக் கஷ்டம் வந்திருக்காது.

ஜமீலா மலை அடிவாரத்துக்காரர். திருவிழாக்களுக்கு ஒரு விளையாட்டு மெசினை எடுத்துப் போகிறவர். அலமாரி உயரத்தில் ஒரு பெட்டி, நடுவில் பழைய பிக்சர் டியூப், முன்னால் வயர் கட்டிய பிளாஸ்டிக் துப்பாக்கி. திரையில் வாத்து பறக்கும், சுட வேண்டும். அந்தத் துப்பாக்கி பழைய கண்ணாடி டியூபின் ஒளியைப் பார்த்துத்தான் குறியை அறியும். இப்போதைய தட்டை டிவியை வைத்தால் அதற்குக் கண் தெரியாது. அதனால்தான் அவர் அந்த டியூபைக் கைக்குழந்தை போலத் துணி சுற்றி எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் தாங்காத குறையாகக் கொண்டுவருவார்.

திடலில் அருவிக்குப் போகும் பாதை முனை அவருடைய இடம். அவர் அப்பா காலத்திலிருந்து அவர்களுடையது. பெரக்கரை நாட்டிலிருந்தும் எடப்புளி நாட்டிலிருந்தும் வருகிறவர்கள் அந்த முனையைத் தாண்டாமல் அருவிக்குப் போக முடியாது. ஆனால் திடலுக்கு ஊர்க்கட்டு ஒன்று உண்டு. முந்தின நாள் பொழுது சாய்கையில் ஊர் மேளம் திடலைச் சுற்றி வரும். அது கடக்கும்போது எந்தக் கடை விளக்குப் போட்டு ஓடிக்கொண்டிருக்கவில்லையோ அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வரும் ஆண்டுகளுக்கும் அவருக்கே. காரணம் சொல்ல முடியாது. சாமியே வந்து காரணம் சொன்னாலும் கேட்க மாட்டார்கள் என்பார்கள். அந்த ஆண்டு மேளத்தோடு நடந்து இடம் பார்க்கிற பொறுப்பு பொன்னனுக்கு. ஜமீலாவின் இடத்துக்கு அடுத்தபடியாகக் காத்திருந்தவர் பலூன் சுடும் கடைக்காரர். அவர் பலூன்களை ஊதிக் கட்டிய பலகையை வேனில் சாய்த்து வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் போனபோது மெசின் இருட்டாக இருந்தது. ஜமீலா என்னைக் கண்டதும் ஓடி வந்தார். பின்பக்கத்தைத் திறந்தேன். வளைவுகளில் குலுங்கிக் கார்டு இடம் பெயர்ந்திருந்தது. அமுக்கி விட்டேன். வாத்து பறந்தது. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் தலைவர் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டார். அந்தக் கார்டு சுலபமாகக் கிடைக்காத ரகம். அவர் முகத்தில் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையின் வெளிச்சம் வந்தது. ஒருமுறை படித்துக்கொள்கிறேன், கார்டுக்கு ஒன்றும் ஆகாது என்று ஜமீலாவிடம் கெஞ்சினார். அவர் என்னைப் பார்த்தார். படிப்பதால் ஒன்றும் ஆகாது என்று நானும் சொன்னேன். அது உண்மைதான்.

“படிச்சுக்குங்க. ஆனா வேற ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க. பொழுதுக்குள்ள ஓடோணும்” என்றார் ஜமீலா.

நான் எல்லோருக்கும் டீ வாங்கப் போனேன். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது கார்டு மறுபடியும் பெட்டிக்குள் இருந்தது. தலைவர் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தார். கோயிலில் அன்னதானம் போட்டுவிட்டு வந்தவர் போல இருந்தார்.

“அந்தம்மாவுக்கு நம்மால ஒரு உதவி” என்றார். “எவனோ அதுல கண்டதையும் எழுதி வெச்சிருந்தான். மூலத்தோட பொருந்தவே இல்லை. சுத்தமான மூலத்தை எழுதிட்டேன். இனி அது பிறந்த அன்னிக்கு இருந்த மாதிரி.”

ஜமீலா சுவிட்சைப் போட்டார்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று வந்தது. கொசு காதுக்குள் புகுந்ததுபோல் மெல்லியது. தலைவர் திரையைத் தட்டிப் பார்த்தார். ஜமீலா துப்பாக்கி வயரை ஆட்டினார். நான் டீயைக் கீழே போட்டுவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கெட்டால் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். நீங்கள் பிளக்கைப் பாருங்கள். யோசிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நடந்தது இதுதான். அந்தக் கார்டு பிறந்தபோது கம்ப்யூட்டர் திரைக்காகப் பிறந்தது. அது படம் அனுப்பும் வேகத்துக்குப் பிக்சர் டியூப் ஈடுகொடுக்காது. ஆகவே மெசின் செய்தவர்கள் ஃபர்ம்வேரை மாற்றி, டியூபுக்குத் தகுந்தபடி வேகத்தைப் பாதியாக்கியிருந்தார்கள். தலைவர் அந்தக் கலப்படத்தை நீக்கிவிட்டார். இப்போது கார்டு சுத்தமாக இருந்தது, ஓடவில்லை. விசில் என்பது டியூபின் அலறல். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் டியூபும் போயிருக்கும்.

பரவாயில்லை, பழையதைத் திரும்ப எழுதிவிடலாம், படித்த காப்பியை எடுங்கள் என்றேன்.

தலைவர் லேப்டாப்பைத் திறக்கவில்லை.

“காப்பி எங்கீங்க?” என்றார் ஜமீலா.

“கலப்படத்தை நாங்க வெச்சுக்கறதில்லைம்மா” என்றார் தலைவர். “விதி.”

இரண்டு முறை படித்து, இரண்டையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று உறுதிசெய்து, அதன் பிறகு இரண்டையும் அழித்திருக்கிறார். குப்பையில் போட்டு வைக்கிற வழக்கமும் இல்லை. மீட்க முடியாதபடி அழிக்கத் தனியாக மென்பொருள் வைத்திருந்தார். காப்பி எடுத்துப் பாதுகாப்பதற்காகவே தொடங்கிய சங்கம் உலகத்தில் இருந்த காப்பியை ஒழித்துக்கட்டியது. ஒரு திருடனால் இது முடியாது. மழையாலும் முடியாது. இதற்கு ஒரு கொள்கை வேண்டும்.

தலைவர் பேசத் தொடங்கினார். கார்டு சரியாக இருக்கிறது, திரைதான் தவறு என்றார். வேறு திரை வைக்கலாம் என்றார். துப்பாக்கிக்குக் கண் தெரியாது என்றேன். பழைய மூலங்களில் மெதுவான ஒன்று இருக்கலாம், ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்போம் என்றார். ஒவ்வொரு முறையும் அலறப்போவது யாருடைய டியூப் என்று கேட்டேன். தெரியாததை எழுதிப் பார்ப்பது உங்கள் சொந்தக் கார்டில், உங்கள் சொந்த மேசையில் மட்டும். பிழைப்புக்கு வைத்திருப்பவர் பொருளில் பரிசோதனை கிடையாது. அன்று அவரை நிறுத்தியது மட்டும்தான் என் பங்கு. மற்றபடி எனக்கும் வழி தெரியவில்லை.

திடலின் மறுமுனையில் மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பலூன்காரர் தன் பலகையை நிமிர்த்தினார்.

ஜமீலா அழவில்லை. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு தலைவரைப் பார்த்து, உங்களைப் போல இன்னொருவர் இருக்கிறாரா என்று கேட்டார். போன மாசி நோம்பியில் ஒருவர் வந்து இப்படித்தான் கெஞ்சிக் கேட்டு, இதே மாதிரி கிளிப்பு மாட்டிப் படித்துக்கொண்டு போனாராம்.

“அவரு ஒண்ணும் சுத்தம் பண்ணலீங்க. இருந்தாப்புலயே குடுத்துட்டுப் போனாரு. ஒல்லியா இருந்தாரு. ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சிருந்தாரு.”

தலைவர் முகம் போன போக்கை நான் சொல்ல வேண்டியதில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கார்டு படிக்கிறவர் தமிழ்நாட்டில் ஒருவர்தான். எங்கள் சங்கத்தின் பழைய செயலாளர். கலப்படமோ மூலமோ, கிடைத்ததை எல்லாம் வைக்க வேண்டும், எது குப்பை என்று முடிவு செய்ய நாம் யார் என்று அவர் வாதாடினார். தலைவர் அவரை நீக்கினார். அவர் போய் வேறு சங்கம் தொடங்கினார். அதில் அவரே தலைவர், அவரே எல்லாம். அன்றிலிருந்து எங்கள் கூட்டங்களில் அவர் பெயரை உச்சரிக்கக் கூடாது என்று தீர்மானம். நானும் கை தூக்கியிருந்தேன். டீ வருவதற்குள் கூட்டம் முடிய வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

போன் பண்ணுங்கள் என்றேன். உன் நம்பரிலிருந்து நீயே பண்ணு என்றார் தலைவர். அழித்தவர் நீங்கள், கேட்க வேண்டியவரும் நீங்கள் என்றேன். அவர் அதற்கு மேல் மறுக்கவில்லை. அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

திடலில் சிக்னல் கிடையாது. ஜமீலாவின் வேன் கூரைமேல் ஏறினால் கிடைக்கும் என்றார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மேலே நின்று சத்தம் போட்டுப் பேச வேண்டியிருந்ததால் எங்களுக்கும் பலூன்காரருக்கும் பொரிகடலைக் கடைக்கும் எல்லாம் கேட்டது. போனையும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். எப்படி அணைப்பது என்று தெரியவில்லை.

அந்தப் பக்கத்தில் பழைய செயலாளர் திட்டவில்லை. மன்னிப்பும் கேட்கச் சொல்லவில்லை. கோப்பு பத்திரமாக இருக்கிறது என்றார். ஆனால் தங்கள் சங்கத்தின் விதிப்படி உறுப்பினர்களுக்கு மட்டுமே கோப்பு தருவது வழக்கம். நான் உங்களிடம் செயலாளராக இருந்தபோது அந்த விதியை எனக்கு எழுதிக் கொடுத்ததே நீங்கள்தான் என்றார்.

“உறுப்பினரா சேர்ந்துக்கறீங்களா, சார்?” என்றது போன்.

தலைவர் வேன் கூரைமேல் நின்றுகொண்டே இருந்தார். முதல் அடி விழுந்தது. மேளம் கிளம்பிவிட்டது.

ஜமீலா எழுந்து வேன் அருகே போய் அண்ணாந்து பார்த்தார்.

“ஏனுங்க. கட்சி மாறுறதெல்லாம் எங்கூருப் பக்கம் பொழுதுக்கும் நடக்குதுங்க. மாறுனவங்க நல்லாத்தான் இருக்காங்க. சேந்துருங்க.”

“சேர்ந்துக்கறேன்” என்றார் தலைவர்.

“சத்தமாச் சொல்லுங்க சார், பஞ்சு வெச்சிருக்கேன்.”

அவர் சத்தமாகச் சொன்னார். பொரிகடலைக் கடையில் யாரோ கை தட்டினார்கள்.

கோப்பு ஒரு போட்டோவைவிடச் சின்னது; சட்டென்று வந்துவிட்டது. கார்டைக் கழற்றிக் கிளிப்பை மாட்டினோம். தலைவர் லேப்டாப்பில் எழுத, நான் கிளிப்பு நழுவாமல் பிடித்துக்கொண்டேன். எழுதி முடித்ததும், மறுபடியும் படித்து ஒப்பிடலாமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். மேளம் பாத்திரக் கடையைத் தாண்டிவிட்டது. நேரமில்லைதான். ஆனாலும் செய்யுங்கள் என்றேன். அவருடைய விதிகளில் அது நல்ல விதி. ஒருவர் ஒரு விஷயத்தில் பைத்தியக்காரர் என்பதற்காக அவர் சொல்வதையெல்லாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. இரண்டும் பொருந்தின.

கார்டை மாட்டினேன். கையைப் பிளக்கிலேயே வைத்துக்கொண்டு, போடுங்கள் என்றேன். ஜமீலா கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். நாங்கள் மூவரும் திரையைப் பார்க்கவில்லை. விசில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் பலூன்காரர்தான் சொன்னார், “பறக்குதுங்க.” சொல்லிவிட்டுப் பலகையை மறுபடியும் வேனில் சாய்த்தார்.

மேளத்தோடு வந்த பொன்னன் விளக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டியது அவர் கடமை. துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். ஒரு வாத்தும் விழவில்லை. வாத்துகள் நன்றாகப் பறக்கின்றன, ஆகவே மெசின் ஓடுகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மேளத்தின் பின்னால் போனார்.

மறுநாள் அந்த முனையில் நிற்க இடமில்லை. அருவியில் குளித்த ஈரத்தலையோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தலைவர் ஊருக்குக் கிளம்பும் முன் அங்கே போனார். நானும் கூடப் போனேன். ஒரு கார்டைக் கையில் எடுத்ததும் நாம் கேட்பது இது என்ன கார்டு, எந்த வருஷம், மூலமா கலப்படமா என்பதுதான். இதை வைத்து யார், என்ன செய்கிறார் என்று கேட்க யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. தலைவர் அதை அன்று கற்றுக்கொண்டார் என்று நான் நம்பினேன். அவர் முகத்தில் அந்த மாப்பிள்ளை வெளிச்சம் மறுபடியும் வரும்வரை நம்பினேன்.

கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அவர் மெல்லக் கேட்டார். சங்கம் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளப் போகிறது. இந்த ஃபர்ம்வேரைக் காப்பகத்தில் முதல் வரிசையில் வைக்கலாம் என்றிருக்கிறார். நேற்று வந்த கோப்பை வேலை முடிந்ததும் பழக்கத்தில் அழித்துவிட்டாராம். ஆகவே பின்பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு முறை படித்துக்கொள்ளட்டுமா?

ஜமீலா துப்பாக்கியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியின் பின்பக்கத்தில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றுகொண்டார்.

“நீங்கதான் அங்க உறுப்பினருங்களே” என்றார். “அவருகிட்டயே கேட்டு வாங்கிக்குங்க.”